மடுவு மீனுக்கு வந்த புண்

பூண்டு இடிக்கிற வேலை என்னுடையது. கஞ்சி காய்ச்சுகிற வேலை கோகிலவாணியுடையது. கஞ்சி ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்து குறை சொல்லுகிற வேலை அவள் புருசன் சென்றாயனுடையது. மலைமேல் அந்த மீன் குட்டையில் எங்கள் காலை இப்படித்தான் தொடங்கும்.

குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, அதன் மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துத் துழாவினால் பசை மாதிரி ஒரு கஞ்சி வரும். கை பொறுக்கிற அளவுக்கு அது ஆறின பிறகுதான் இடித்த பூண்டையும் மஞ்சள் பொடியையும் கொஞ்சம் மிளகுப் பொடியையும் போட வேண்டும். சூட்டோடு போட்டால் பூண்டின் வீரியம் செத்துவிடும், மிஞ்சுவது வாசனைதான் என்று குட்டையைப் பார்க்க வருகிற சுமித்ரா மேடம் சொல்லியிருந்தார். பிறகு அந்தக் கஞ்சியை மீன் தீனி மேல் ஊற்றிப் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். கஞ்சி ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் தண்ணீரில் விழுந்ததும் பூண்டு கரைந்து போகாமல் மீனின் வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

"ரசத்துக்கு வேணுங்கற சாமானம் பூராவும் மீனுக்குப் போயிருது. எனக்கு வெறும் புளித்தண்ணி. அடுத்த பிறவியில நானும் இந்தக் குட்டையில கெண்டையாப் பொறந்துக்கறேன்" என்பான் சென்றாயன்.

"பொறந்தாலும் தின்னுட்டுக் குறைதான் சொல்லுவீங்க" என்பாள் கோகிலவாணி.

அவன் சிரித்துக்கொண்டே தீனித் தகரத்தை ஊன்றுகோலால் தட்டுவான். அந்தச் சத்தத்துக்கு மீன்கள் பழகியிருந்தன. தட்டினவுடன் கரையோரம் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆகிவிடும்.

நான் மலைக்காரன் இல்லை. கீழே பேளுக்குறிச்சிப் பக்கம். பேர் நல்லமுத்து. சென்றாயனும் நானும் அடிவாரத்தில் ஒரு கோழிப்பண்ணையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அங்கே தீனி கலக்குவதுதான் எங்கள் வேலை. தீனியோடு ஒரு மஞ்சள் பொடியும் கலக்க வேண்டும். சமையல் மஞ்சள் இல்லை, ஆன்டிபயாட்டிக். சீக்கு வந்த கோழிக்கும் அதுதான், வராத கோழிக்கும் அதுதான். சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரல் இடுக்கில் அந்த மஞ்சள் நிற்கும். சோற்றில் அதன் கசப்பு தெரியும். அந்தப் பொடியைப் பற்றி நாங்கள் யோசித்ததே கிடையாது. மூட்டையைப் பிரி, கொட்டு, கலக்கு, அவ்வளவுதான். மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு நாற்பது தாண்டித்தான் வந்தது.

ஒருநாள் கூண்டுக் கம்பி சென்றாயனின் குதிகாலைக் கிழித்தது. சின்னக் கிழிசல்தான். ஆனால் ஆறவில்லை. வீங்கியது, சீழ் வைத்தது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசி மாற்றி ஊசி போட்டுப் பார்த்தார்கள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிருமி மருந்துக்குப் பழகிப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். எங்கே போய்ப் பழகிக்கொண்டு வந்தது என்று கோகிலவாணி கேட்டாள். அதை யாராலும் சொல்ல முடியாதும்மா, பண்ணையிலிருந்தும் வந்திருக்கலாம், இந்த ஆஸ்பத்திரியிலிருந்தே வந்திருக்கலாம் என்றார் அவர். டாக்டர் சொன்னதில் அவள் பாதியைத்தான் எடுத்துக்கொண்டாள். அந்த மஞ்சள் பொடி இனி தன் ஊட்டு வாசலுக்குள் வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

ஒற்றைக் காலோடு மிளகு பறிக்க மரம் ஏற முடியாது. சரிவில் கிழங்கு பிடுங்க முடியாது. மலைமேல் திருப்புலி நாட்டில் அவர்களுக்கு இருந்த காடு முழுக்கச் சரிவுதான். கீழ்க் கோடியில் மட்டும் கொஞ்சம் சமமான இடம். அதில் பண்ணைக்குட்டை வெட்டிக் கறுப்புத் தார்ப்பாய் விரித்து மீன் விட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து மீன் எடுக்க எந்த வியாபாரியும் தயாராக இல்லை. சேலத்தில் மருந்தடிக்காத காய்கறியும் பாலும் விற்கிற கடை ஒன்று மட்டும் ஒப்புக்கொண்டது. தண்ணீரில் மருந்து படக்கூடாது, பிடிப்பதற்கு முன்னால் மீனையும் தண்ணீரையும் பரிசோதித்துப் பார்ப்போம், சுத்தமாக இருந்தால் குட்டை மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கோகிலவாணிக்கு அது சாமி வாக்கு மாதிரி இருந்தது. மருந்தில்லாமல் இந்த மீனை ஆளாக்கிவிட வேண்டும். அவளுடைய நினைப்பெல்லாம் அந்த ஒன்றில்தான் இருந்தது. என் முதுகும் கோழிப்பண்ணை மூட்டைக்கு லாயக்கில்லாமல் போயிருந்த நேரம். வாங்கண்ணா என்று கூப்பிட்டாள், வந்துவிட்டேன்.

சுமித்ரா மேடம் மீன் படிப்புப் படித்தவர். மலையில் குட்டை வைத்திருப்பவர்களை வந்து பார்ப்பது அவர் உத்தியோகம். பூண்டுத் தீனி அவர் காட்டிக்கொடுத்ததுதான். எங்களோடு தரையில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். மழை முடிகிற வரைக்கும் குட்டையில் ஒரு மீன் செத்து மிதந்து நான் பார்க்கவில்லை. செதில் பளபளவென்று இருந்தது. கோழிப்பண்ணையில் வண்டி வண்டியாகச் செத்ததை அள்ளிப் புதைத்த எனக்கு இது பெரிய அதிசயம்.

மார்கழியில் பனி இறங்கியது. இந்த வருசம் பகல் ஏறின பிறகும் மூடுபனி விலகவில்லை. தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. தகரம் தட்டினால் மீன்கள் மெதுவாக வந்தன. பிறகு பாதி வந்தன. போட்ட தீனி தின்ன ஆளில்லாமல் தண்ணீர் மேலேயே மிதந்து ஊறியது. அதற்கப்புறம் ஒரு காலையில் கரையோரம் ஒரு மிர்கால் கெண்டை சாய்ந்தபடி நின்றது. அதன் விலாவில் வெற்றிலை எச்சில் துப்பின மாதிரி ஒரு சிவப்பு.

கோகிலவாணி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சென்றாயன்தான் தன் வெட்டின காலைத் தடவிக்கொண்டு, "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றான்.

சுமித்ரா மேடம் பஸ் பிடித்து வந்தார். வலை போட்டுப் பார்த்தபோது புண் வந்த மீன் நிறைய இருந்தது. சிலதுக்குப் புண் சதைக்குள் இறங்கியிருந்தது. பரிசோதனைக்கு என்று இரண்டொரு மீனைப் புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார். கோகிலவாணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் முதல்லயே சொன்னதுதான். பூண்டும் மஞ்சளும் உடம்பைத் தெம்பா வெச்சிருக்கும், சீக்கு லேசுல அண்டாது. ஆனா வந்த சீக்கை வெரட்டுற சக்தி அதுக்கு இல்லைங்க. அதுவும் மீன் வாயைத் திறந்து தின்னாத்தானே உள்ள போகும்?"

"அப்ப கோழி மருந்துதானுங்களா?"

"அதுவும் தீனியிலதான் போகோணும். தின்னாத மீனுக்கு எதைக் குடுத்தும் ஒண்ணுதான். இது பூஞ்சைக் காளானா இருந்தா அந்த மருந்து கேக்கவே கேக்காது. வெயில் வரட்டும்க்கா. அது வரைக்கும் காப்பாத்தப் பாப்போம்."

குட்டையில் கொஞ்சம் சுண்ணாம்பு கரைத்து விடச் சொன்னார். புண் வந்ததைப் பிடித்து உப்புத் தண்ணீரில் தனியாக வைக்கச் சொன்னார். நீல டிரம் ஒன்றில் உப்புப் போட்டு அந்த மீன்களை விட்டோம். டிரம்முக்குள் அவை வாயை வாயைத் திறந்துகொண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. செத்ததை நான் எடுத்துக் குழியில் போட்டு மண் தள்ளுவேன். மறுபடி குட்டையிலிருந்து புதுசாகப் புண் வந்ததைப் பிடித்து டிரம்மில் விடுவேன். வேறு வேலை இல்லை. பூண்டு இடிப்பது நின்றுபோனது. சென்றாயனின் வாயும் நின்றுபோனது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இனிமேல் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் கன்னிமார் மடுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டைக்கு மேலே, காட்டைத் தாண்டி ஏறினால் ஊற்றுத் தண்ணீர் தேங்குகிற மடுவு ஒன்று இருக்கிறது. கரையில் கன்னிமார் கல் ஏழு. அந்த மடுவிலிருந்து வாய்க்கால் பிடித்துத்தான் குட்டைக்குத் தண்ணீர் வருகிறது. மடுவில் இருக்கிற மீனை யாரும் பிடிப்பதில்லை. கன்னிமார் பிள்ளைகள் என்பார்கள். உடம்பில் கட்டியோ மருவோ ஆறாத புண்ணோ வந்தால் உப்பும் மிளகும் கொண்டு போய்த் தண்ணீரில் போட்டு, மீனுக்குப் பொரி இறைத்துவிட்டு வருவார்கள். மீன் பொரியைத் தின்னத் தின்ன இங்கே புண் காயும் என்பது நம்பிக்கை. சென்றாயன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கோகிலவாணி அங்கே போய் வேண்டிக்கொண்டாள். கால் போனது வேறு கணக்கு, ஆளைத் திருப்பிக் கொடுத்தது கன்னிமார்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

டிரம்மில் கிடந்த மீன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒருநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, மேடம் போடச் சொன்னது உப்புதானுங்களே. தீனியில போட்டது மிளகுதானுங்களே. ரெண்டும் கன்னிமாருக்குப் போடறதுதான். நாமதான் இடம் தெரியாம இந்த டிரம்முல போட்டுக்கிட்டு இருக்கறோம். புண்ணு வந்த மனுசனே அங்க போறான். புண்ணு வந்த மீனு போனா ஆகாதுங்களா?"

எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. சென்றாயனுக்கும் தெரியவில்லை. மடுவுக்குக் கொண்டு போகாதீர்கள் என்று சொல்ல மேடத்துக்கும் தோன்றியிருக்கவில்லை. எப்படித் தோன்றும்? இப்படி ஒரு யோசனை வரும் என்று எந்தப் படிப்பில் சொல்லிக் கொடுப்பார்கள்?

புண்ணில் மஞ்சள் தடவி மீன்களைக் குடத்துத் தண்ணீரில் விட்டாள். குடத்தை நான் சுமந்தேன். அவள் பொரியும் உப்பும் மிளகும் எடுத்துக்கொண்டாள். ஊர்க்கவுண்டர் அண்ணாமலை அங்கேதான் இருந்தார். மடுவுக்குப் பூசை அவர் குடும்பத்து உரிமை. விசயத்தைக் கேட்டதும் அவர் மறுக்கவில்லை. குட்டை மீனும் இந்த மடுவுத் தண்ணியில வளர்ந்ததுதானே, தாய் ஊட்டுக்கு வந்த மாதிரி என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றினார். குடத்தைச் சாய்த்தேன். மீன்கள் நல்ல தண்ணீர் பட்டதும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே போயின. மடுவு மீன்கள் பொரிக்கு மேலே வந்து முட்டிக்கொண்டன. இரண்டும் கலந்து எது நம் மீன், எது கன்னிமார் மீன் என்று தெரியாமல் போனது. கோகிலவாணி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிச்சி.

பொங்கல் கழிந்ததும் வெயில் வந்தது. தண்ணீர் வெதுவெதுப்பானது. ஒருநாள் சென்றாயன் சும்மா இருக்கிறோமே என்று தகரத்தைத் தட்டினான். கரையோரம் தண்ணீர் குமிழியிட்டது. மிச்சமிருந்த மீன்கள் தீனிக்கு வந்துவிட்டன. மறுபடி பூண்டு இடித்தோம், கஞ்சி காய்ச்சினோம். புண் வந்த சிலதுக்கும் தழும்பு கட்டியது. மேடம் போனில் கேட்டுவிட்டுச் சந்தோசப்பட்டார். வெயில்தான் காரணம், சுண்ணாம்பும் உதவியிருக்கும், மீன் தெம்பாக இருந்ததால் மீதி தாங்கியது என்றார். ஊரில் எல்லாரும் கன்னிமார் காரணம் என்றார்கள். கோகிலவாணி இரண்டையும் ஒப்புக்கொண்டாள். சேலத்துக் கடையில் பேசினாள். பங்குனியில் பிடிக்கலாம் என்று பேச்சாயிற்று.

"பாத்தீங்களாண்ணா, ஒரு சொட்டு மருந்து இல்லாம" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தீனி இறைக்கும்போது சொல்லுவாள். அடுப்புப் பற்றவைக்கும்போது சொல்லுவாள். நானும் ஆமாம்மா ஆமாம்மா என்பேன்.

மாசியில் அண்ணாமலைக் கவுண்டர் கீழே இறங்கி வந்தார். அவர் எங்கள் குட்டைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மடுவு வரைக்கும் வரச் சொன்னார்.

மடுவு நிழலான இடம். வெயில் உச்சியில் மட்டும் கொஞ்ச நேரம் படும். தண்ணீர் அங்கே இன்னும் குளிர்ந்தே இருந்தது. பொரி தண்ணீர் மேல் அப்படியே கிடந்து ஊறி வெளுத்திருந்தது. ஒரு மீனும் வரவில்லை. பாறைச் சந்தில் அவை கூட்டமாக ஒண்டியிருந்தன. முதுகில், விலாவில், வால் அடியில், எல்லாம் அதே சிவப்பு. கோகிலவாணி கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மேடம் வந்து பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார், குட்டை இருக்கிற திசையைப் பார்த்தார், திரும்பவும் மடுவைப் பார்த்தார். தண்ணீர் மேலேயிருந்து கீழேதானே போகிறது, கீழே இருந்த சீக்கு மேலே எப்படி வந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்ட மாதிரி கேட்டார். கவுண்டர் வேறு பக்கம் பார்த்தார்.

"தண்ணி ஏறி வராதுங்க மேடம்" என்றாள் கோகிலவாணி. "நாங்கதான் குடத்துல ஏத்திக்கிட்டு வந்தோம்."

மேடம் அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அவராலும் வேறென்ன செய்ய முடியும்?

பூண்டுத் தீனியைப் போட்டுப் பார்க்கலாமா என்று கோகிலவாணி கேட்டாள். போட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார் மேடம். நன்றாக இடித்து, நன்றாகக் கஞ்சி ஆற்றி, எங்கள் குட்டைக்குக்கூட அவ்வளவு பக்குவமாகச் செய்ததில்லை, தூக்கிக்கொண்டு போய் இறைத்தோம். கன்னிமார் மீன் பிறந்ததிலிருந்து பொரி தின்ற மீன். தீனி இன்னதென்றே அதற்குத் தெரியாது. தகரம் தட்டினாலும் அதற்கு ஒன்றுமில்லை. பூண்டு உருண்டைகள் பொரிக்குப் பக்கத்தில் மிதந்தன. கோகிலவாணி ஒவ்வொரு உருண்டையாகப் பாறைச் சந்துக்குள் தள்ளிவிட்டாள். மீன்கள் இன்னும் உள்ளே ஒதுங்கின.

அதற்குள் செத்தவை மிதக்கத் தொடங்கிவிட்டன. கன்னிமார் மீன் செத்து மிதந்து ஊரில் யாரும் பார்த்தது கிடையாது. செத்ததை எப்படி எடுப்பது, எங்கே புதைப்பது என்பதற்கே வழக்கம் இல்லை. பிள்ளைக்குச் செய்கிற மாதிரி வெள்ளைத் துணியில் சுற்றி மஞ்சள் தெளித்துப் புதைத்தார்கள். பெண்கள் சிலர் அழுதார்கள். மடுவுப் பக்கம் வரும்போது கோகிலவாணியோடு யாரும் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

ஊர் கூடியது. கீழே கோழிக்குக் கொடுக்கிற மருந்தை வாங்கி வந்து மடுவில் ஊற்றுவது என்று பேச்சு வந்தது. மேடம் ரொம்பப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பரிசோதனை முடிவு வந்துவிட்டது, இது முதலில் பூஞ்சை, அதற்கு அந்த மருந்து உதவாது, தண்ணீரில் ஊற்றினால் ஓடிப்போய்க் கீழே வயலிலும் கிணற்றிலும்தான் சேரும், வெயில் ஏறட்டும், நிழல் விழுகிற கிளைகளை மட்டும் கழித்துவிடலாம் என்றார். ஊர் முழுக்கக் கேட்டது. தலையாட்டியது. கன்னிமார் மரத்தில் கத்தி வைக்க முடியாதுங்க என்று ஒருவர் மரியாதையாகச் சொன்னார். மருந்து வாங்குவது என்று முடிவாயிற்று.

சென்றாயன் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமே என்று சொல்லப் பார்த்தான். கோகிலவாணியும் எழுந்தாள். அண்ணாமலைக் கவுண்டர் குரலை உயர்த்தவில்லை.

"உன்ற குட்டைக்கு மருந்து வேண்டாம்னா அது உன்ற இஷ்டம் அம்மணி. கன்னிமாரு புள்ளைங்க சாவுதுங்க. அதுகளுக்கு வேண்டாம்னு நீ சொல்லலாமா? நீ சொல்லலாமா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் சொன்னதில் அநியாயம் இருந்ததாக எனக்கும் தெரியவில்லை. மீன் சாவதைப் பார்த்து அவர் இளைத்துப் போயிருந்தார். கற்பூரம் ஏற்றினது அவர் கைதான் என்பது அவருக்கும் தூக்கத்தைக் கெடுத்திருக்கும்.

மருந்து எது, எவ்வளவு கலக்குவது என்று தெரிந்த ஆள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தன்தான். சென்றாயனுக்கும் தெரியும். ஆனால் அவனிடம் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூலிக்காரனிடம் ஊர் ஒரு வேலை சொன்னால் என்ன சொல்லித் தப்பிப்பது? கீழே போனேன். மருந்துக்கடையில் எத்தனை கோழி என்று கேட்டார்கள். மீனுக்கு என்றேன். மீனுக்கும் இதுதான் போகுது என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதே மருந்து, சின்ன டப்பாவில். இப்போது அதன் மேல் இருக்கிறதை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. பஸ் வளைவு வளைவாக ஏறுகிற நேரம் முழுக்கப் படித்துக்கொண்டே வந்தேன். கோழி, கன்று, ஆடு எல்லாம் போட்டிருந்தது. சாமி மீன் போடவில்லை.

பஸ் நிறுத்தத்தில் கோகிலவாணி நின்றிருந்தாள். என் கையில் இருந்த பையைப் பார்க்காமல் பேசினாள்.

"எப்ப ஊத்தறீங்கண்ணா?"

"காலையில பூசை முடிஞ்சதும்னு கவுண்டர் சொல்றாருமா."

"அதுக்கு முன்னால வாய்க்காலை அடைச்சிரோணும். ஒரு கை குடுங்க."

மருந்து ஊற்றப் போகிறவனும் நான், வாய்க்கால் அடைக்கப் போகிறவனும் நான். வெளிச்சம் வந்ததும் போய், வாய்க்கால் குட்டைக்குத் திரும்புகிற இடத்தில் பலகை வைத்து, பச்சை மண் அப்பி, கல் அடுக்கினோம். தண்ணீர் பலகையில் முட்டிக்கொண்டு நின்று, பிறகு பக்கத்துக் கிழங்குக் காட்டுப் பக்கம் வழிந்து போனது. மிளகு, கிழங்கு, ஆடு மாடு எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். அதை யார் அடைப்பது? அடைக்கிற அளவுக்குப் பலகை எங்களிடம் இல்லை.

பூசை முடிந்தது. பொடியை வாளியில் கரைத்தேன். மடுவைச் சுற்றி வந்து ஊற்றினேன். பொரியிலும் ஊற வைத்து இறைத்தேன், அதையும் அவை தின்னவில்லை. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் மாட்டு மூத்திரம் மாதிரி மஞ்சளானது. எல்லாரும் கும்பிட்டார்கள். மஞ்சள் நீராட்டு மாதிரி இருக்குதே என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். நல்ல சகுனம் என்று இன்னொருத்தி சொன்னாள்.

மடுவு மீன்கள் அதற்குப் பிறகும் செத்தன. அளவு பத்தவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை வாங்கி வா என்றார் கவுண்டர். வாங்கி வந்தேன். மூன்றாவது தடவை வேறு கம்பெனி மருந்து வாங்கி வரச் சொன்னார்.

கோகிலவாணி சேலத்துக் கடைக்குப் போன் போட்டு எதையும் மறைக்காமல் சொன்னாள். மேலே மருந்து ஊற்றுகிறார்கள், நாங்கள் வாய்க்காலை அடைத்துவிட்டோம் என்றாள். அவர்கள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். மேலே தண்ணீர் சுத்தமாகட்டும், பிறகு உங்கள் குட்டையைப் பரிசோதித்துவிட்டுப் பிடிக்கலாம், அது வரைக்கும் பொறுங்கள் என்றார்கள். மார்கழியில் தின்னாமல் கிடந்ததால் மீனும் இன்னும் பிடிக்கிற அளவுக்கு வரவில்லை. பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் பங்குனி வெயிலுக்குப் பொறுமை ஏது? குட்டைக்கு வேறு தண்ணீர் கிடையாது. கரையில் கறுப்புத் தார்ப்பாய் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தெரிய ஆரம்பித்தது. பாசி காய்ந்து அதில் செதில் செதிலாக உரிந்தது.

சென்றாயன் அடைத்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குட்டைக்கும் ஒரு காலை எடுத்துட்டாங்க பாத்தீங்களாண்ணா" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். நான் சிரிக்கப் பார்த்தேன்.

அடைப்பைத் திறந்துவிட்டால் தண்ணீர் வரும், மீன் பிழைக்கும், மருந்தும் வரும். பிழைத்த மீனை வாங்க ஆள் இருக்காது. திறக்காவிட்டால் மருந்தில்லாத மீன் மருந்தில்லாமலே சாகும். கோகிலவாணி தினமும் அந்த அடைப்பு வரைக்கும் போவாள். பலகை மேல் கை வைத்துக்கொண்டு நிற்பாள். கசிவு இருந்தால் மண் எடுத்து அப்பிவிட்டுத் திரும்பி வருவாள்.

பூண்டுத் தீனியை மட்டும் அவள் நிறுத்தவில்லை. இன்றைக்குக் காலையிலும் கஞ்சி காய்ச்சினாள். நான் பூண்டு இடித்தேன். என் விரல்களைப் பார்த்துவிட்டு, கஞ்சியில் கை வைக்கும் முன்னால் நன்றாகத் தேய்த்துக் கழுவிட்டு வாங்கண்ணா என்றாள். கழுவிவிட்டு வந்தேன். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. எந்த மஞ்சள் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அவளே கலக்கினாள்.

சென்றாயன் தகரத்தைத் தூக்கினான். தட்டுவதற்கு முன்னாலேயே மீன்கள் மேலே வந்திருந்தன. குட்டை முழுக்க வாய். எல்லாம் மேலே பார்த்துத் திறந்து திறந்து மூடின.

"பாருங்க, பசி" என்றாள் கோகிலவாணி. ஒரு கை தீனி எடுத்து இறைத்தாள்.

தீனி அந்த வாய்களுக்கு நடுவில் விழுந்து மிதந்தது. தின்ன வந்தவைதானா, குறைந்த தண்ணீரில் மூச்சு முட்டி வந்தவையா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்றாயன் தகரத்தைத் தட்டாமல் கீழே வைத்தான்.